வெளியாள்

கையொப்பம் வைத்தது உட்துறைமுக வீதிக் கூல்பாரில்,
நெல்லிக் கிரஷ் கிளாஸ் ஈர வட்டம் போட்டிருந்த மேசையில்,
வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி.
மாதம் பதினெட்டாயிரம். ஸ்கூட்டிக்குப் பெற்றோல்.
உவர்மலையில் ஒரு அறை;
மின்விசிறி பழுதானால் கழகச் செலவு.
பொருளாளர் றெஜினோல்ட் பேப்பரை ஊதிக் காயவைத்துவிட்டு
எங்களைப் பார்த்துச் சொன்னார்:
"இனி வெளியில நின்டு எறிய ஆள் இருக்கு."

ஆறு வருஷமாக வெளியில் நின்று எறிந்தவள்
அதே மேசையில்தான் இருந்தேன்,
ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டு.
பத்துக்கு மூன்று விழும் எனக்கு.
கந்தளாயோடு விளையாடிய அன்று நாலு.

ஜோஸ்லின் ஒக்கர்ஸ்.
பிறந்தது மட்டக்களப்பு. பிறகு நாலு வருஷம் கொழும்பில்,
கூரைக்குக் கீழே, மரத்தரையில்,
காற்று என்றால் என்னவென்று தெரியாத பந்துகளோடு.
எங்கள் திடலுக்குக் கூரை இல்லை.
இரவு முழுக்க மான்கள் படுத்துக் கிடக்கும் சீமெந்து;
விடிந்தால் புழுக்கை கூட்ட முறை வைத்திருக்கிறோம்.
வியாழன் என் முறை. அதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனி மாதம். நாலு மணிக்குக் கச்சான் எழும்பும்.
கடைத்தெருப் பொலித்தீனையும் மணலையும் வாரிக்கொண்டு
டச்சுக் குடாப் பக்கம் ஓடும்.
போகிற வழியில் பந்தையும் ஒரு தட்டு:
ஒரு சாண், சில நாள் ஒரு முழம்.

அவளுடைய எறி அழகு. பொய் சொல்ல மாட்டேன்.
எழும்பும்போது சத்தமே இல்லை;
மணிக்கட்டு மடிகிற விதத்தைப் பார்த்தால்
விழாமல் என்ன செய்யும் என்று தோன்றும்.
விழவில்லை.
முதல் நாள் நாற்பதுக்கு ஐந்து. மறுநாள் ஆறு.
மூன்றாம் நாள் ஒரு பந்து மதில் தாண்டிக் கடலுக்குப் போக
தோணிக்காரர் ஒருவர் துடுப்பால் தட்டித் தட்டிக் கொண்டுவந்தார்.
வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்,
எண்ணிக்கொண்டே.

சொல்லியிருக்கலாம்.
ஒரே வசனம்: கரைப் பக்கத்து விளிம்பைப் பார்த்து எறி.
ஒவ்வொரு நாளும் தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்து
அந்த வசனத்தையும் மூடி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கோச் சுகந்தினி என்னை உள்ளே போகச் சொன்னா.
"நீ மறைப்பு நில். அவளுக்கு வழி எடுத்துக் குடு."
வெளியூர்க்காரி வெளியே, உள்ளூர்க்காரி உள்ளே:
சொல்லளவில் சரியாகத்தான் இருந்தது.
தோள்தான் இடி வாங்கியது.

எட்டாம் நாள், சப்பாத்து லேஸைக் கட்டியபடி,
என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்:
"உங்கட பிழை எல்லாம் கரைப் பக்கம் விழுது.
என்ர எல்லாம் கடல் பக்கம்.
நாப்பத்தி மூன்டு பிழை விட்டனீங்கள், நான் எண்ணினான்.
ஒன்டாவது கடல் பக்கம் போகேல்ல.
அப்ப உங்களுக்கு என்னவோ தெரியும்."

நான் தண்ணீர் குடித்தேன்.
போத்தலில் தண்ணீர் முடிந்த பிறகும் குடித்தேன்.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை தொடர் தொடங்குகிறது.
இன்று கடைசிப் பயிற்சி. பல்லில் மணல்.
காலை அகட்டி, கைகளை நெஞ்சில் மடித்து
மறைப்பு நிற்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் அவளுடைய சப்பாத்து உரசி நிற்கிறது.
பந்து என் தலைக்கு மேலால் போகிறது,
கரைப் பக்கமாய்ச் சரிந்து, தெளிவான பிழையாய்;
பிறகு காற்று வந்து அதைத் திருத்துகிறது.
அறக்குளா வலையை வெட்டி நாங்களே கட்டிய நெற்
ஒரு தரம் சரக் என்கிறது.

றிங்கில் பட்டு வருமென்று தூக்கிய என் கைகள்
தூக்கியபடியே நிற்கின்றன.
வேலிக்கு அப்பால் ஒரு மான்
எப்போது இவர்கள் போவார்கள் என்பதுபோல் பார்க்கிறது.

"இன்னொன்டு," என்கிறாள் ஜோஸ்லின்.
திரும்பவும் போய் நிற்கிறேன்.
இந்தத் தடவை ஒரு அடி தள்ளி,
காற்று வருகிற பக்கமாய்.