கூட்டக் குறிப்பேடு, இரத்மலானை

ஏழு பேர். ஒரு ஓஸ்டர் விமானம், அதுவும் இரவல்,
கதவைக் கழற்ற உரிமையாளர் சம்மதித்த
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.
யுத்தம் மிச்சம் வைத்த நான்கு பரசூட்டுகள்,
துறைமுக ஏலத்தில் எடுத்தவை.
ஒன்றின் ஓரத்தில் எவனுடையதோ பெயர், பாதி அழிந்து.

நான் சுருக்கெழுத்துக்காரி.
கோட்டையில் கப்பல் கம்பனி வேலை.
சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும் என்றார் லூடிகன்ஸ்,
குதிக்கத் தேவையில்லை, எழுதினால் போதுமாம்.
எழுதினேன்.

பிரான்சிலிருந்து பதில் வர ஏழு கிழமை.
அமெரிக்காவில் தோடம்பழம் என்று பெயர்கொண்ட ஊரில்
குதிப்பதற்கென்றே ஒரு திடல் திறந்திருக்கிறார்கள்,
விழுகிறவர் காலுக்கு இதமாய் மணல் வட்டம் போட்டு.
எங்கள் வட்டம்
ஜுனைட் வீட்டுப் படுக்கை விரிப்புகள் இரண்டு,
சிலுவையாய் விரித்து முனைகளில் கல்.
மாடு வந்து படுத்தால்
இலக்கு மாடு.

காற்றின் திசை அறியக் கடதாசி:
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு,
மஞ்சள் கிரேப், சுருள் அறுபத்தைந்து சதம்,
ரசீது இணைக்கப்பட்டுள்ளது.
மேலிருந்து வீசி, அது போய் விழும் தூரத்தை அளந்து
அத்தனை தூரம் எதிர்ப்பக்கம் போய்க் குதிக்கவேண்டும்.
கச்சான் என்றால் பொல்கொட வாவிக்கு இழுக்கும்.
வாடை என்றால் கடலுக்கு.
பெத்தியாகொட இரண்டுமில்லாமல்
நெசவாலைக் கூரையில் இறங்கி
காவலாளி ஏணி தேடி முடிக்கும்வரை
அங்கேயே குந்தியிருந்து சிகரெட் பிடித்தார்.
கூரைத்தகடு மூன்று: பதினெட்டு ரூபாய்.

பதினோராவது கூட்டத்தில் சண்டை.
நாலு நொடிக்குள் விரியவேண்டும்,
விரியாவிட்டால் மற்றதை இழுக்கவேண்டும்.
விழுகிறவனுக்குக் கடிகாரம் பார்க்க நேரமில்லை,
சொல்லின் நீளம்தான் நொடி.
எந்தப் பாஷையில் எண்ணுவது?
தவுசண்ட் வன், தவுசண்ட் டூ என்றார் லூடிகன்ஸ்.
சட்டம் வந்து ஐந்து வருஷம், இனிச் சிங்களம்தான் என்றார்
பெத்தியாகொட, சிரித்துக்கொண்டே.
வேறு யாரும் சிரிக்கவில்லை.
நான் மேசையில் விரல் தட்டிப் பார்த்தேன்,
ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு,
நொடிக்கு ஒரு மயிரிழை நீளம்.
தீர்மானம்: எவருக்கு எந்தப் பாஷையில் பயம் வருமோ
அந்தப் பாஷையில்.
முன்மொழிந்தவர் ஜுனைட். வழிமொழிந்தது நான்.

பத்தொன்பதாம் குதிப்பு என் பெயரில் இருக்கிறது.
காரணம் குறிப்பேட்டில் இல்லை, எனக்கும் தெரியாது.
சக்கரத்தின் மேல் ஒரு கால்,
சட்டத்தில் ஒரு கை,
பிறகு ஒன்றிலும் ஒன்றுமில்லை.
ஆயிரத்தொன்று வரவில்லை.
வந்தது, தினமும் நான் வேலைக்குப் போகும் ரயில்:
கல்கிசை
தெகிவளை
வெள்ளவத்தை
பம்பலப்
பிட்டி வருமுன் தோளிரண்டையும் பிடித்து
யாரோ கோபமாய்த் தூக்கி நிறுத்தினாற்போல்.
மேலே வெள்ளை.
கீழே கடலோரம் தண்டவாளம், பிரிந்த தையல்.
அந்த உயரத்திலும்
மாட்டை விரட்டும் ஜுனைட்டின் ஏச்சு
சொல் சொல்லாய்க் கேட்டது.
சிலுவையிலிருந்து நூற்றுப்பத்து யார், முழங்கால் உரசல்.

அந்நியச் செலாவணி இல்லை, நைலோன் வராது என்றார்கள்.
ஓஸ்டரை விற்றுவிட்டார்கள்.
கையிருப்பு பதினாலு ரூபாய் முப்பத்தைந்து சதம்,
அது இன்னும் என்னிடம்தான்.

எண்பத்துமூன்று, ஆடி.
அதே விமானக்கொட்டகை.
பரசூட்டை நீட்டி மடிக்கும் நீளம் எனக்குத் தெரியும்,
தூணிலிருந்து தூண்.
அந்த நீளத்தில் இப்போது ஒன்பது குடும்பம்,
வெள்ளவத்தையார், தெகிவளையார், கல்கிசையார்,
உடுத்தது மட்டும் மிச்சமாய்.
வெளியே புல்லில் குடிதண்ணீர் வரிசை
நாங்கள் விரிப்புப் போட்ட இடத்தைத் தாண்டிப் போனது.
பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டாள்,
இந்த இடம் முந்தித் தெரியுமோ, அக்கா?
தெரியும், இங்கை விழுந்திருக்கிறன் என்றேன்.
ஐயோ என்று எழுந்து
என் முழங்காலைத் தடவிப் பார்த்தாள்,
எங்கிருந்தோ ஒரு சித்தாலேப டப்பியை எடுத்து
மூடியைத் திறக்க முயன்றாள்.