பங்கு

முன்னூற்றுப் பன்னிரண்டு என்று
காரைக்குடி லேபில் அச்சடித்துத் தந்தார்கள்.
எனக்கு முப்பத்தாறு வயது, நாற்பத்தொன்பது கிலோ.
சீயம் தொட்டே ஆறு வருஷம்.
"எண்ணெயைக் குறைங்க ஆச்சி" என்றான் கவர் நீட்டிய பையன்.
எதிலிருந்து குறைக்க?

மதுரை டாக்டரம்மா
முதலில் என் குதிகாலைத்தான் பிடித்துப் பார்த்தார்.
நரம்புக்குள் புளியங்கொட்டை ஒளித்ததுபோல் ஒரு புடைப்பு.
ரத்தத்தில் கொழுப்பு தானாகப் போவதில்லையாம்,
படகேறித்தான் போகுமாம்.
கல்லீரலின் கரையில் முளைகள் உண்டு,
படகைக் கட்டி இழுத்துச் சரக்கிறக்க.
உங்களுக்கு அதில் பாதிதான் தேறும் என்றார்.
முளை செய்யச் சொல்லும் சீட்டில்,
பத்தொன்பதாம் குரோமோசோமில்,
ஓர் எழுத்துப் பிழை.
இறங்க இடமில்லாத படகுகள்
சுற்றிச் சுற்றி வந்து
இதயத்துக்குப் போகும் வாய்க்காலில் தட்டி நிற்கின்றன.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயசில்?"
அப்பச்சி. நாற்பத்து நாலில்.
தேவகோட்டை பஸ்ஸில், டிக்கெட் கையில் இருக்க.
"அவங்க அப்பா?"
எந்த அப்பா என்று நான் கேட்டதை
அவர் கம்ப்யூட்டரில் எப்படி அடித்தாரோ.

கானாடுகாத்தான் வீட்டுச் சுவரில் இருக்கும் ஐயாக்கள்
எண்பது, எண்பத்தைந்து இருந்து போனவர்கள்.
நெய்யில் நீந்தியவர்கள்.
அன்று இரவு ஏணி போட்டு ஏறி
மொபைல் வெளிச்சத்தில் ஒவ்வோர் இமையோரமும் தேடினேன்,
மஞ்சள் திட்டு உண்டா என்று.
சுத்தம்.
இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.
அப்பச்சி இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டி வந்தவர்.
ஏழு வயதில், மாலை போட்டு, பேர் மாற்றி, முறி எழுதி.
முறியில் எல்லாம் இருக்கிறது:
வீடு, தோப்பு, வைரத்தோடு, பித்தளை அண்டா இருபத்திரண்டு.
கடைசிக்கு முந்தின வரி:
பிறந்த வீட்டுச் சொத்தில் இனி யாதொரு பாத்தியதையும் இல்லை.
எழுத்துப் பிழை மட்டும்
அந்த வரியைப் படிக்கவில்லை.

பள்ளத்தூருக்கு ஃபைலோடு போனேன்.
அந்த வீட்டை விலை பேசிக்கொண்டிருந்த நேரம்.
சாத்தப்பண்ணன் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
காப்பி கொண்டுவந்த அண்ணமுண்டி பாதியில் நின்றாள்.
"எதுன்னாலும் வக்கீலக் கேட்டுக்கிட்டு…"
பங்கு கேக்க வரலண்ணே.
அது தானா வந்து சேந்திருச்சு.
எனக்கு மட்டுந்தானான்னு பாக்கத்தான் வந்தேன்.

கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் படித்தார்.
ஐயா முப்பத்தொம்பது என்றார்.
சின்ன ஐயா நாப்பத்தொண்ணு.
கண்ணேறுன்னு வருஷா வருஷம் பூசணிக்காய் உடைச்சோம்.
பட்டாலையில் ஒரு பெரிய எண்ணெய் ஓவியம்.
வரைந்தவன் நேர்மையானவன்:
இரு கண்ணோரமும் மஞ்சள் தீற்றியிருந்தான்.
பொன்களை என்று சொல்லிச் சந்தனம் வைத்திருக்கிறார்கள் அதற்கு.
அண்ணன் வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார்.
புளியங்கொட்டை.
அவருக்கு இரண்டு காலிலும்.

மறுநாள் வெறும் வயிற்றோடு
லேபில் மூன்று டோக்கன்.
அண்ணன் பதினாலு, அவர் மகன் பதினைந்து.
பதினாறு என் மகள் சாலா, ஒன்பது வயது,
ஊசியைப் பார்க்காமல்
சுவரில் இருந்த மிட்டாய்க்கடைக் காலண்டரைப் பார்க்கிறாள்.
"எனக்கு வந்திருக்குமாம்மா?"
பாதிக்குப் பாதி.
"பாதின்னா எவ்வளவு?"

ரிசல்ட் ஆறு மணிக்கு மேல் என்றான் பையன்.
இப்போது மணி எட்டே கால்.
எதிர்க்கடையில் வாணலி காய்கிறது.