அளவுக்கு நான்

எனக்கும் ஒதிலியாவுக்கும்
தோள் ஒன்று, இடுப்பு ஒன்று,
செருப்பு மட்டும் அரை எண் வித்தியாசம்.
அதனால்தான் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை,
வூட்ச் நகரத்தில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில்,
அக்காவின் கல்யாணக் கவுனுக்குள்
நான் நிற்கிறேன்.

அவள் நார்வேயில்,
ஆளைவிட மீன் அதிகமுள்ள ஏதோ ஒரு தீவில்.
சால்மன் வயிற்றைக் கீறிக் குடலெடுக்கும் வேலை.
இடைவேளை பன்னிரண்டு நிமிடம்.
கையுறை கழற்ற ஒன்று,
கை கழுவ ஒன்று,
மிச்சம் பத்து எனக்கு.

கடைக்காரி ஸ்டெஃபா
போனைப் பூச்சாடியில் சாய்த்துவைத்து
"எங்கே மணப்பெண்?" என்று குனிந்தாள்.
திரையில் வெள்ளைக் கோட்டு, தலையில் வெள்ளை வலை,
முழங்கால்வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ்.
"ஏற்கெனவே உடுத்திவிட்டாளே!"
ஒதிலியாவின் சிரிப்பு
இரண்டு நொடி பிந்தி வந்து சேர்ந்தது.

முதல் கவுன் முழுக்க லேஸ்.
"ஜன்னல் திரை" என்றாள்.
இரண்டாவதற்கு முதுகே இல்லை.
"பாதிரியார் என்ன பாவம் செய்தார்?"
மூன்றாவதற்கு ஒரு பெயர் இருந்தது,
பெயருக்கேற்ற விலையும்.
சீட்டை உள்ளங்கையில் மறைத்தேன்.
"கையைத் திற."
மிட்டாய்க்காலத்து அதே குரல்.
திறந்தேன். கசங்கிய விலைச்சீட்டு,
திரும்பிப் போக வாங்கிவைத்த டிராம் டிக்கெட்.
அந்தப் பக்கம் கணக்கு ஓடியது.
எத்தனை மீன் என்று எண்ணுகிறாள், எனக்குத் தெரியும்.
"அடுத்தது" என்றாள்.

பின்னால் இழுபடும் வால் வேண்டாமாம்,
மணி வேண்டாமாம், முத்து வேண்டாமாம்,
பாக்கெட் வேண்டுமாம்.
"எதற்கு? லிப்ஸ்டிக்குக்கா?" என்றாள் ஸ்டெஃபா.
ஒதிலியா பதில் சொல்லாமல்
இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்தாள்.
முட்டிக்கு முட்டி வெடிப்பு.
கட்டைவிரலில் நீல பிளாஸ்டர்,
மீனோடு மீனாய்ப் போய்விட்டால்
கண்டுபிடிக்க நீலம்தான் வசதியாம்.
"போட்டோ எடுக்கும்போது
இதுகளை எங்கே வைக்க?"

ஸ்டெஃபா உள்ளே போனாள்.
திரும்பி வந்தபோது வாயில் நான்கு குண்டூசி,
தோளில் ஒரு வெறும் சாட்டின்.
யாரோ முன்பணம் கட்டிவிட்டு
வராமலே போய்விட்டாளாம்.
ஏன் என்று நான் கேட்க வாயெடுத்தது
ஜிப் ஏறும் சத்தத்தில் முடிந்துபோயிற்று.
இடுப்பு மடிப்பைத் தடவினேன்;
டிக்கெட்டோடு கை உள்ளே போனது,
மணிக்கட்டுவரை.

"இதோ பார்!"
திரையில் ஒதிலியா உறைந்திருந்தாள்,
ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து,
தும்மலுக்குத் தயாரான முகம்.
சிக்னல் போயிற்றோ, மணி அடித்துவிட்டதோ.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.
பார்த்தேன்.
பொய் சொல்வானேன், அழகாக இருந்தேன்.
என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை,
கேட்கிற மாதிரியும் தெரியவில்லை.
ஆனாலும் ஒரு முழு நிமிடம்
அளவுக்கு வந்தவள் என்பதை மறந்து நின்றேன்.
காலடியில் ஊசி குத்திக்கொண்டே
"ஹீல்ஸ் எவ்வளவு?" என்றாள் ஸ்டெஃபா.
"அவளுக்குத் தட்டைச் செருப்புதான்."
அவளுக்கு என்று சொன்னதும்
கவுன் என் தோலைவிட்டு
ஒரு விரற்கடை விலகி நின்றது.

அறுநூறு ஸ்லோட்டி முன்பணம். ரசீதில் அவள் பெயர்.
வெளியே பாதி பனி, பாதி மழை.
டிராம் ஏறியதும் செய்தி வந்தது:
"பாக்கெட் இருக்கா?"
"இருக்கு. ஆழமா."
அந்த நேரம் பார்த்துத்தான்
பரிசோதகர் வந்து நின்றார்.
கோட்டில் தேடினேன், பையில் தேடினேன்,
பிறகு நினைவு வந்தது எங்கே என்று.
சிரித்துக்கொண்டே அபராதம் கட்டினேன்.
என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பிப் போய் எடுக்கவில்லை.
ஜூன் மாதம், அத்தனை பேர் பார்க்க,
ஒளித்துவைக்கக் கையை உள்ளே விடும்போது
அவளுக்கு ஒரு டிக்கெட் அகப்படும்:
நாற்பது நிமிடம்,
இன்னும் முத்திரை குத்தாதது.