பதினெட்டுக் கோடு

ஆவாரம்பாளையம், ரெண்டாவது ஷிஃப்ட்.
கைப்பிடி பதினெட்டுக் கோடு சுற்றும்வரை
டேபிள், காது கேக்கலீங்க என்று நிற்கிறது.
பத்தொன்பதாவதில்தான் அசைகிறது.

காலரை இறுக்கினேன்: பதினாறு.
ஜிப்பை உருவித் துடைத்துப் போட்டேன்:
அதே பதினாறு, உள்ளங்கை நிறையக் கறுப்புச் சேறு.
கன்மெட்டல் நட்டின் பிளவை நெருக்க நெருக்க
நாலுக்கு வந்துவிட்டது.
விசிலடித்தேன்.

டிரில்லிங்கிலிருந்து பெரியநாயகி:
"ஏனுங்க, கோடி வரைக்கும் ஓட்டிப் பாத்தீங்களா?"

ஓட்டினேன். இடது கோடியில்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
அங்கே மரை புதுசு, பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி.
இத்தனை வருசமாய் எத்தனை கைகள்,
எல்லாம் நடுவில் ஒரு சாண் இடத்தையே
தின்றிருக்கின்றன. என் கையும்தான்.

நடுவுக்கு நெருக்கினால் ஓரம் பிடிக்கும்.
புது ஸ்க்ரூவின் விலைக்கு
எழுநூறு பம்பு மூடி இறக்கணும்.
மெல்லத் தளர்த்தினேன். ஒன்பதில் நிறுத்தினேன்.

தகட்டில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்:
ஒரே பக்கமாக வாங்க.
தாண்டிவிட்டால், ஒரு சுற்று
முழுசாகப் பின்னால் போய் மறுபடி வாங்க.

காலையில் அதற்குக் கீழே,
எண்ணெய் விரலால், யாரோ:
சரிங்க.