சாவி என்னிடம்

மாசி பிறந்தால் எங்கள் கல்லூரியில்
புங்க மரத்துக்கு முன்னால்
அறிவிப்புப் பலகை துளிர்த்துவிடும்.
கண்ணாடிக் கதவு, துருப்பிடித்த பூட்டு.
சாவி என்னிடம்.
மூன்றாமாண்டு கணிதம், வகுப்புத் தலைவி,
கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவள் என்று
அலுவலகத்தில் கொடுத்து வைத்தார்கள்.

இந்த வாரம் மட்டும் பதினோரு தாள்.

மார்ச் நான்கு, வளாக நேர்காணல்.
கோயம்புத்தூர்க் கம்பெனி. சம்பளம் தடித்த எழுத்தில்,
அதற்கும் கீழே பொடி எழுத்தில்:
அரியர் உள்ளவர்கள் வரவேண்டாம்.
எனக்கு இரண்டு.
மெய்ப்பகுப்பாய்வு ஒன்று, மெய்ப்பகுப்பாய்வு இரண்டு.
ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது.
தாள் நேராக இருக்கிறதா என்று
தள்ளி நின்று பார்த்தேன்.
கொஞ்சம் சாய்ந்திருந்தது.
அப்படியே விட்டேன்.

மார்ச் ஆறு, ரத்ததான முகாம்.
நாற்பத்தைந்து கிலோ வேண்டும்.
மருந்துக்கடை மெஷின் எனக்கு
நாற்பத்து மூன்றுதான் தருகிறது,
செருப்போடு.

பத்தாம் தேதி கலைவிழா.
உமையாள் அணியில் ஏழு பேர்,
எட்டாவதாக வா என்றாள்.
ஒத்திகை ஆறரை வரை.
எங்கள் பக்கத்துப் பஸ் ஐந்து ஐம்பது.
"அப்ப கோலப்போட்டிக்குப் பேர் குடு,
மத்தியானமே முடிஞ்சிரும்ல."
கோலம் என் கைக்கு வராது.
பதினைந்து புள்ளி வைத்தால்
பதினாறாவது எங்கிருந்தோ முளைக்கும்.

பதினோராவது தாள் இயற்பியல் துறையுடையது.
மை தீர்ந்த பிரிண்டரில் அடித்ததில்
பாதி எழுத்து நரைத்திருந்தது.
பங்குனி அமாவாசை. மொட்டைமாடி. தொலைநோக்கி.
இரவு ஏழு முதல் பத்து.
யாரும் வரலாம்.

யாரும்.
இரண்டு தடவை படித்தேன்.
எடை கேட்கவில்லை, அரியர் கேட்கவில்லை.

என் நட்சத்திரம் திருவாதிரை.
அர்ச்சனைத் தட்டு நீட்டும்போதெல்லாம்
குருக்களிடம் அம்மா சொல்லும் பெயர்.
இருபது வருடமாகக் கேட்கிறேன்,
ஆளை இன்னும் பார்த்ததில்லை.

பேனா எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதினேன்:
பஸ் உண்டா?
பெட்டியைச் சாத்தினேன்.
பூட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால்
கேள்விக்குக் கீழே வரிசையாகச் சரிக்குறிகள்,
நீலத்தில், கறுப்பில், ஒன்று கண்மையில்.
"தேவகோட்டைக்கும்", அது ரியாஸ்தீன் கையெழுத்து.
"பள்ளத்தூர் ஆறு பேர்."
"குன்றக்குடி. நான் மட்டும்தான், பரவாயில்லை."
யாரோ ஒரு பஸ்ஸையே வரைந்திருந்தார்கள்,
சக்கரம் மூன்று.
எண்ணினேன், நாற்பத்தொன்று.

கண்காணிப்பாளர் அடைக்கலசாமி
தாளை உருவி எடுத்துக்கொண்டு
"பலகையை யார் தொறந்து போட்டது?" என்றார்.
உள்ளங்கைக்குள் சாவி வியர்த்தது.
நான் புங்க மரத்தைப் பார்த்தேன்.
அதுவும் துளிர்க்கத் தொடங்கியிருந்தது, தாமதமாக.

வெள்ளிக்கிழமை புதுத் தாள் வந்தது.
குத்தச் சொல்லி என்னிடமே நீட்டினார்,
முகம் பார்க்காமல்.
கல்லூரிப் பேருந்து, மூன்று வழித்தடம்.
மூன்றாவது, புதுவயல் வரை மட்டும்.

புதுவயலிலிருந்து எங்கள் ஊர் ஏழு கிலோமீட்டர்.

அங்கே அரிசி ஆலையில் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட்.
போன் போட்டேன்.
மெஷின் இரைச்சலில் மூன்று தடவை கேட்டார்,
"எதைப் பாக்கப் போற?"
"திருவாதிரை!"
"அது மார்கழியிலயே முடிஞ்சிருச்சே?"
சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன்.
எவ்வளவு புரிந்ததோ.
கொஞ்ச நேரம் நெல் கொட்டும் சத்தம் மட்டும்.
பிறகு, "ரெண்டு மணிக்கு முடியும்.
வாட்ச்மேன் ரூம்ல ஒக்காந்துக்க.
வண்டியில போயிரலாம்."

அவருடையது பூராடம்.
பங்குனியில் அது
நடுச்சாமம் தாண்டித்தான் கிழக்கே ஏறுமாம்.
இரண்டு மணிக்கு வந்திருக்குமா என்று
இயற்பியல்காரர்களிடம்
கேட்டு வைத்திருக்கிறேன்.