ஒப்புகை

குரலுக்கு இடம் நிறைய வேண்டும்.
மூச்சு, பதற்றம், பின்னால் காற்று,
"கேக்குதா, கேக்குதா" என்று நாலு தடவை.
கச்சான் ஏறிய பிறகு
மண்டபம் கட்டுப்பாட்டு அறையில்
பதினாறாம் சேனல் முழுக்க
வறுசட்டி மணலின் இரைச்சல்.

எழுத்துக்குக் கொஞ்சம் போதும்.
பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸ்.
பாம்பன் கால்வாய் மாதிரிதான்,
ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும்.
ஒரு தகவலுக்கு நாற்பது எழுத்து.
அதற்குள் தென்கடலை மடித்து வைக்க வேண்டும்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் திரையில் ஏறியது:
படகு எண். எஞ்சின் நின்றது. ஆள் நாலு.
மனோலித் தீவுக்குத் தெற்கே
என்று பொருள்படும் இரண்டு எண்கள்.

மீட்புப் படகுக்குச் சொன்னேன்.
'கிடைத்தது' பொத்தானை அழுத்தினேன்.

மறுபடி அதே தகவல்,
எண்கள் மட்டும் சற்றுக் கிழக்கே நகர்ந்து.
கிடைத்தது, என்றேன்.
மறுபடி.
கிடைத்தது கிடைத்தது.
மறுபடி.

ஒன்பதாவதில்தான் உறைத்தது.
அவர்கள் சொல்வது எனக்கு வருகிறது,
வந்துவிட்டது என்பது அவர்களுக்குப் போகவில்லை.
(ரிசீவரில் தண்ணீர் ஏறியிருந்தது
பிறகுதான் தெரிந்தது.)
ஏட்டு நம்புச்செல்வம் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
தண்ணீர்த் தொட்டி மேலேறி
ஆண்டெனாவைத் திருப்பிப் பார்த்தார்.
நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்,
ஐந்தைந்தாக, குறுக்கே ஒரு வெட்டு.

மூன்று நாற்பதுக்கு நாற்பத்தொன்றாவது.
அப்புறம் இல்லை.

ஒப்புகை போய்ச் சேர்ந்தால்
அனுப்புவதை நிறுத்துவார்கள்.
பேட்டரி செத்தாலும் நிறுத்துவார்கள்.
திரையில் இரண்டும் ஒன்றுதான்.

விடிந்து வெகுநேரம் கழித்து
கையெழுத்துப் போட வந்தார் இன்னாசிமுத்து,
போலீஸ் கொடுத்த துண்டைப் போர்த்தியபடி.
வலது கட்டைவிரலில் பொத்தானின் வட்டம்
இன்னும் பதிந்திருந்தது.
டீயைத் தொடவில்லை.
"எத்தனை வந்துச்சு தாயி?"
நாற்பத்தொண்ணு.
"நாப்பத்திமூணு அமுக்குனேன்."

விட்டுப்போன இரண்டையும்
அறிக்கையில் எழுத வேண்டும்,
என்ன தகவல் என்று கேட்டேன்.

"ஒண்ணு எடந்தான்.
இன்னொண்ணு,"
என்றவர் பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார்.
"அது ஒங்களுக்கு அனுப்புனது இல்ல."

அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன்.
நாற்பது எழுத்துக்கு
இடம் இருந்தது.