குதிகால்

கடலூர், மே 1847 என்று மூலையில்
சரிந்த கையெழுத்து.
மற்றதெல்லாம் பென்சில்.

'உட்கார்ந்திருக்கும் பெண்' என்று
கீழே அட்டையில் மூன்று மொழியில்.
பெயர் எந்த மொழியிலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு.
மற்ற ஆறு நாளும் திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடை,
இரண்டாம் மாடி, புடவைப் பிரிவு,
ஒன்பதரையிலிருந்து ஒன்பதரை.
செங்கமலத்துக்குப் பாண்டியில் பல் டாக்டர்;
துணைக்கு வந்தவள்
டோக்கன் முப்பத்தேழு என்றதும்
வெயிலுக்கு ஒதுங்கி இதற்குள் நுழைந்தேன்.
ஏசி. டிக்கெட் கிடையாது.

வரைந்தவர் ரசித்துத்தான் வரைந்திருக்கிறார்.
மூக்குத்தியில்கூட ஒரு புள்ளி வெளிச்சம்.
முந்தானையில் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்திருக்கிறார்:
முரட்டு நூல், கஞ்சி போடாதது,
ஓரம் ஒருமுறை கிழிந்து தைத்தது.
அது எனக்குத் தெரியும்.
எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும்
வரையாமல் விட்டுவிட்டார்.
மூட்டையா, படகு விளிம்பா, துரை வீட்டுப் படியா,
இடுப்புக்குக் கீழே வெறும் தாள்.

எங்கள் மாடிக்கும் ஒரு ஸ்டூல் வந்தது,
சட்டம் வந்த வருஷம்.
அதில் என்னை உட்காரவைத்து
போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.
இப்போது அதன்மேல்
பிரிக்காத பார்சல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

கிட்டே போய்ப் பார்த்தேன்.
இடது பாதம் அழுந்தியிருக்கிறது.
வலது குதிகால்
ஓர் அரிசியளவு மேலே.
அழித்து அழித்து
மறுபடி அங்கேயே போட்டிருக்கிறார்;
அந்த இடத்தில் தாளுக்கு மயிர் எழும்பிவிட்டது.
அசையாதே என்று
தெரிந்த தமிழில் சொல்லியும் இருப்பார்.
இறக்கியிருப்பாள்.
கொஞ்ச நேரத்தில்
அது தானாக ஏறியிருக்கும்.

'அதையே எவ்ளோ நேரம்மா பாப்பீங்க,
உள்ள கலர் படம் நெறைய இருக்கு'
என்றார் காவலுக்கு இருந்தவர்,
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், போனைப் பார்த்தபடி.
சட்டையில் லூர்துநாதன் என்றிருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.
நாற்காலி கிறீச்சிடவே இல்லை.
அவர் நின்றுகொண்டிருந்தார்,
போன் எங்கே போனதென்று தெரியவில்லை.

வந்தது செங்கமலம்.
வாய் நிறையப் பஞ்சு, ஒரு கன்னம் வீங்கி,
போலாமா என்று கையால் கேட்டாள்.
லூர்துநாதன் உடனே உட்காரவில்லை.

ரெட்டிச்சாவடி தாண்டித்தான்
பஸ்ஸில் இடம் கிடைத்தது.
அவளை ஜன்னலோரம் விட்டு உட்கார்ந்தேன்.
காலைக் குனிந்து பார்க்கவில்லை.
கடலூர் வரைக்கும்
எதிர் சீட்டின் முதுகில் யாரோ கிறுக்கியிருந்த
போன் நம்பரையே
படித்துக்கொண்டு வந்தேன்.